பேசாமல் ஆளும் கலை

உலகை ஆண்டவர்கள் அனைவரும் முதலில் ஒரு குதிரையை ஆண்டவர்களே. இந்தப் பேருண்மையை அன்று காலை உரைத்தவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளர். உரைத்தபோது அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் கொக்கி மாட்ட மறுத்தது. மனைவி பின்னால் நின்று இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துட்டுதான் பேசுறேன்."

"அப்ப பேசாதீங்க."

பேசாமலிருப்பதுதான் அன்றைய போட்டியே. டிரெஸ்ஸாஜ் என்னும் அந்த விளையாட்டில் குதிரை எதையும் தாண்டுவதில்லை, யாரையும் முந்துவதில்லை. நீள்சதுர மணல் அரங்கம்; ஓரமெங்கும் எழுத்துப் பலகைகள். இந்த எழுத்தில் 'வாக்' என்னும் நடை, அந்த எழுத்தில் 'டிராட்' என்னும் துள்ளோட்டம், பிறகு ஒரு வட்டம், நடுவில் நின்று நடுவருக்கு வணக்கம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அடுத்து என்ன என்பதை வெளியே நின்று ஒருவர் படித்துச் சொல்லலாம்; ஏறியிருப்பவர் வாய் திறக்கக் கூடாது. காலை இலேசாக அழுத்தி, கடிவாளத்தைத் துளி இறுக்கி, எதுவுமே செய்யாதவர் போல் உட்கார்ந்திருக்க வேண்டும். எதுவுமே செய்யாதவர் போல் உட்கார்ந்திருப்பதில் மேலாளருக்கு நெடுங்கால அலுவலக அனுபவம் இருந்தது.

ஆறு மாதப் பயிற்சியிலேயே அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. "ஒரு வார்த்தை பேசாம அரை டன் உயிரை நடத்துறேன் சார். மண்டலத்துல இருக்கறவங்க எனக்கு எம்மாத்திரம்?" என்று தலைமையகத்து இயக்குநரிடம் சொன்னார். மண்டலத் தலைவர் நாற்காலி அப்போது காலியாக இருந்தது.

"அப்படியா? நேர்லயே வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார் இயக்குநர்.

வந்தும்விட்டார். முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மேலாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கழிப்பறை வரை போய், கொக்கியை நினைத்துத் திரும்பி வந்தார். அவர் ஏறவிருந்த கிழட்டுச் சாம்பல் குதிரை மட்டும் நின்றபடியே தூங்கியது. பயிற்சிப் பள்ளிக்கு வந்தவர் போனவரையெல்லாம் சுமந்து அலுத்த குதிரை என்பதால் அதற்குப் பெரியவர் என்றே பெயர்.

எல்லோரையும்விட அதிகம் தவித்தவர் பயிற்சியாளர். முந்தின நாள் தொண்டை கட்டியதிலிருந்து அவர் வாயில் வெறும் காற்றுதான் வந்தது.

"மாஸ்டர், ஏறப்போறது நான். உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"குரல் போச்சே சார்."

"போனா என்ன? அடுத்து என்னன்னு வெளிய நின்னு படிக்கணும், அவ்வளவுதானே? என் வீட்டுக்காரி படிப்பா."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார்.

மணி அடித்தது. மாஸ்டர் பின்புறம் தட்டிவிட, பெரியவர் உள்ளே போய், பழக்கதோஷத்தில் நடுவில் நின்றார். மேலாளர் வணங்கினார். மனைவி மருந்துச் சீட்டைப் படிப்பது போல், "டிராட்... வலப்பக்கம்..." என்றாள்.

மேலாளர் காலை அழுத்தினார். பெரியவர் அசையவில்லை. இன்னும் அழுத்தினார். கொக்கி தெறித்தது. பெரியவர் காதை மட்டும் அங்குமிங்கும் திருப்பினார். ஆறு மாதமாக அவர் ஓடியது, நின்றது எல்லாம் மாஸ்டரின் அதட்டலுக்குத்தான். மேலாளரின் கால் அவருக்கு ஈ உட்கார்ந்த மாதிரி.

அப்போது வேலிக்கு அப்பால், சிறுவர்கள் பிரிவு நடந்த அடுத்த அரங்கில், ஒரு தாய் தன் மகளுக்காக வெண்கலக் குரலில் படித்தாள்: "டிராட்! இடப்பக்கம்!"

பெரியவர் சிலிர்த்துத் துள்ளினார். என்ன அழகு! இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலாளரின் முகத்தில் மண்டலத் தலைவரின் களை வந்தது. தவறான பக்கம் திரும்பியதற்கு நடுவரின் மணியும் வந்தது.

"என்னங்க, நான் வலதுன்னு படிச்சேன்!"

"எனக்குக் கேட்டுச்சு! இதுகிட்டச் சொல்லு!" என்று வாய் திறக்கக் கூடாதவர் கத்தினார்.

"பெரிய வட்டம்!" என்றது வேலிக்கு அப்பாலிருந்த குரல். பெரியவர் போட்டார். மறுபடி மணி. "ஹால்ட்!" என்று முடித்தது. நட்டுவைத்த தூண் போல் நின்றார். மூன்றாவது மணி அடித்தது. மூன்று தவறு என்றால் ஆட்டத்திலிருந்து நீக்கம்.

இயக்குநர் மாஸ்டர் பக்கம் சாய்ந்தார். "வேலிக்கு அந்தப் பக்கம் படிக்கிற அம்மா எங்க வேலை பாக்குறாங்க?"

மாஸ்டர் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தப்பித்துக்கொண்டார்.

நீக்கப்பட்டவர் உடனே வெளியேற வேண்டும். பெரியவர் நகரவில்லை. மேலாளர் அழுத்தினார், இழுத்தார், காதருகே குனிந்து கெஞ்சினார். அடுத்தவர் குதிரையோடு வாசலில் காத்திருந்தார். மனைவி வேலியோரம் போனாள்.

"அக்கா, உங்க பொண்ணுதான் முடிச்சிட்டாளே, 'வாக்'னு ஒரு தடவை சொல்லிடுங்களேன். எங்க வீட்டுக்காரர் உள்ளயே நிக்கிறார்."

"அதுக்கென்னம்மா," என்றவள், "வாக்!" என்று குரல் கொடுத்தாள். பெரியவர் வெளியே நடந்தார்.

மேலாளர் மேலேதான் இருந்தார்.