பின்சீட்டில் இருந்தவள்

…நேற்றைய தொடரில் அவன் அதெப்படிக் கேட்காமல் இருந்திருப்பான், கேட்டான், அவள் தன் காதாலேயே கேட்டாள், தலையைத் திருப்பாமல், முன்னால் தொங்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, 'நிறுத்தவா?' என்று ஒரே ஒரு சொல்… மூக்குக்கண்ணாடி போட்ட இந்தக் கண்ணாடியக்காவுக்கு என்ன, டிவி முன்னால் உட்கார்ந்தால் பாதி நேரம் கொட்டாவி, மீதி நேரம் பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சு, மறுநாள் காலையில் வேலைக்கு வந்து நின்றால் மட்டும் அந்தத் தொடரைத் தானே உட்கார்ந்து எழுதியவள் மாதிரி தீர்ப்பு. "அவன் எங்கடி கேட்டான், இடிச்சான், போயிட்டான், அவனெல்லாம் ஒரு மனுஷனா" என்று சொல்லிக்கொண்டே விரிப்பின் முனைகளோடு நடந்து வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கிய மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை இப்படித்தான், ஒருத்தி நிற்பாள், ஒருத்தி நடப்பாள், கிட்டே வரும்போது ரகசியக் குரல், தள்ளிப் போனால் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தல், அதனால் இங்கே எந்தச் சண்டையும் தவணை முறையில்தான் நடக்கும். அவள் எப்போதும் நிற்கிறவள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, வேலைக்குச் சேர்ந்த நாளில் அப்படி நின்றாள், அப்படியே ஆகிவிட்டது.

இஸ்திரி உருளையிலிருந்து விரிப்புகள் சூடாக வந்துகொண்டே இருந்தன, வெள்ளை, இன்னொரு வெள்ளை, பிறகும் வெள்ளை, ஆவியில் கூடத்தின் அந்தப் பக்கச் சுவர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, கண்ணாடியக்காவும் பின்னால் போகும்போது பாதி கரைந்து போய்த் திரும்பி வரும்போது முழுசாக வந்தாள்… நேற்று ராத்திரி வந்த பகுதியைப் பற்றித்தான் காலையிலிருந்து பேச்சு. அந்தத் தொடரின் நாயகனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் இங்கே எல்லாருக்கும் அவன் 'மூத்தவன்', வீட்டுக்கு மூத்த பிள்ளை, துறைமுகத்தில் திருட்டுச் சரக்கு கடத்துகிறவன், செய்வதையெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து குழந்தைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறவன். நேற்று அவன் பையனுக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு, காரின் பின்சீட்டில் மனைவி மடியில் பையன், எதிரே சோதனைச் சாவடியில் காவலாளி கையை நீட்டி மறிக்கிறான், மூத்தவன் நிறுத்தவில்லை. அவ்வளவுதான், சலவைக்கூடம் இரண்டாகப் பிளந்துவிட்டது. உருளையை ஓட்டும் மேஸ்திரி, "பெத்தவன் வேற என்னம்மா பண்ணுவான், நின்னு பேப்பர் காட்டிட்டு இருப்பானா?" என்கிறார். "அந்தக் காவலாளியும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே மேஸ்திரி, அவன் வீட்ல யாரும் சோறு ஆக்கி வெச்சிட்டுக் காத்திருக்க மாட்டாங்களா?" என்று கண்ணாடியக்கா. "குடும்பத்துக்காகத்தான் செஞ்சான்." "குடும்பம் குடும்பம்னு எதை வேணா செய்யலாமா, நல்லா இருக்கே நியாயம்." இரண்டு கட்சியிலும் அவள் சேரவில்லை. அவன் கேட்டான் என்று மட்டும் சொன்னாள், திரும்பத் திரும்ப, அவளுக்கே அலுத்துப்போகிற அளவுக்கு. கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன, செத்தவன் எழுந்து வரப்போகிறானா… ஆனாலும் அந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும். முன்வாசல் வழியாகப் போனால் அண்ணன் நிற்பான், பின்வாசல் வழியாகப் போனால் நேரே பஸ் நிறுத்தம். காலையில் போனில் அவனே அப்படித்தான் சொன்னான், குரல் என்னமாய் மெலிந்துவிட்டது, தொண்டையில் யாரோ துணியைச் சுற்றி வைத்த மாதிரி, "கப்பல்ல வேலை கிடைச்சிருக்கும்மா, இனிமே எப்ப வருவேன்னு தெரியாது, ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன், கேட்டு முன்னாடி நிக்கிறேன், உனக்கு மனசு இல்லன்னா பின்பக்கமாப் போயிடு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." ஒண்ணும் நினைக்க மாட்டானாம். இதுதான் அவனிடம் பிடிக்காதது, எல்லாவற்றையும் அவனே சுமந்துகொள்வான், மற்றவர்களைச் சும்மா நிற்க வைத்துவிடுவான். சின்ன வயதில் வீட்டுப் போர்வையை மடிக்கும்போதும் அவன்தான் நடப்பான், 'நீ நில்லு, நான் வர்றேன்' என்று… கணவரிடம் சொன்னாள். "உங்க அண்ணன் விஷயம், நீயே பாத்துக்கோ" என்று கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக அவர் குளிக்கப் போய்விட்டார். அவரைச் சொல்லி என்ன, அன்றைக்கு அவர் வெளியூரில் இருந்தார், வண்டியில் இருந்தது அண்ணனும் அவளும் மட்டும்தான், வயிற்றுக்குள் மகளும்.

விடிந்தும் விடியாத நேரம், பனி, வேனின் பின்சீட்டில் அவள், வலி வந்து வந்து போகிறது, போகும்போதெல்லாம் ஒரு மாதிரித் தூக்கம், ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தண்ணீருக்குள் நிற்பது போல நின்றன. பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, மேசையிலிருந்து தலையணை விழுந்த மாதிரி. சைக்கிளில் ரொட்டி கொண்டுபோன ஒரு மனிதர்… வேன் நிற்கவில்லை. தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் மருத்துவர். ரொட்டிக்காரரைப் பற்றியும் இன்னொரு மருத்துவர் அதையே சொன்னாராம், இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று. அண்ணன் மறுநாள் தானாகவே போய்ச் சரணடைந்தான், சிறைக்குப் போனான், வெளியே வந்தபிறகும் வேறு ஊரில் ஒரு வண்டிப் பட்டறையில் கிடந்தான், மகள் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், தங்கை அவள் ஒருமுறைகூட அவனைப் போய்ப் பார்க்கவில்லை. உனக்காகத்தானே செஞ்சான் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும்போது பற்றிக்கொண்டு வரும். நான் கேட்டேனா? நிறுத்தாதே என்று நான் சொன்னேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டானா அவன்? இந்தக் கோபத்தைத்தான் இத்தனை வருஷமாகக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்து வளர்த்தாள், இறக்கி வைக்க இடம் தெரியாமல்.

டீ நேரத்தில் மேஸ்திரி போனை எடுத்தார். "சும்மா வாயால அடிச்சுக்காதீங்க, போட்டே பாத்துடலாம்" என்று நேற்றைய பகுதியைத் தள்ளித் தள்ளி அந்த இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள், பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி முகம், இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. கார் ஓடுகிறது. பையன் முனகுகிறான். காவலாளி கையை நீட்டுகிறான். மூத்தவன் கண்ணாடியில் மனைவியைப் பார்க்கிறான், மனைவி பையனைப் பார்க்கிறாள்… அவ்வளவுதான். அவன் வாயே திறக்கவில்லை. இடித்தது, கார் போயிற்று, இசை வந்தது. "பாத்தியா" என்றாள் அக்கா. "இன்னொரு தடவை போடுங்க மேஸ்திரி" என்றாள் அவள். போட்டார். வாய் திறக்கவில்லை. அவள் போனைத் தன் கையில் வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டாள், முனகல், டயர் சத்தம், இடித்த சத்தம், இசை. "என்னடி, ஒரு நாடகத்துக்குப் போய் முகம் இப்படி வெளுத்துப் போச்சு" என்று அக்கா தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினாள், "வேணும்னா கேட்டான்னே வெச்சுக்கோ, எனக்கென்ன போச்சு."

அப்படியானால் எங்கே கேட்டாள்? ஒரு ஆண் குரல், தலையைத் திருப்பாமல், கண்ணாடியில் இரண்டு கண்கள்… டீக்குப் பிறகும் விரிப்புகள் வந்தன, அக்கா வந்தாள், போனாள், வெள்ளைக்குள் கரைந்து மீண்டும் வந்தாள், கையில் சூடு பட்டதும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது, கடைசியில் முழுசாகவே கேட்டது, 'நிறுத்தவாம்மா?' ஜன்னல் கண்ணாடியில் பனி வழிகிறது, அந்தத் தலையணைச் சத்தத்துக்குப் பிறகு வேன் வேகம் குறைகிறது, ஆமாம், குறைந்தது, உடம்பு முன்பக்கமாகச் சாய்ந்தது நினைவிருக்கிறது, பிறகு அவள் என்னவோ… அழுதாளா, தலையை ஆட்டினாளா, வேண்டாம் என்றாளா, அல்லது வலியில் எழுந்த ஏதோ ஒரு சத்தத்தை அவன் பதிலாக எடுத்துக்கொண்டானா? பிறகு வேன் வேகம் எடுத்தது. ஐயோ, இதை எப்படி மறந்தாள், எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தாள்? நீதிமன்றத்தில் அவனைக் கேட்டார்களே, தங்கை ஏதாவது சொன்னாரா என்று. "அவ மயக்கத்துல இருந்தா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான், பட்டென்று, யோசிக்கவேயில்லை. அவளும் அதை நம்பினாள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஒருவேளை இதுவும் நாடகத்திலிருந்து ஒட்டிக்கொண்டதோ, அவள் பாட்டுக்கு வேனையும் காரையும் கலந்து பிசைந்துகொண்டிருக்கிறாளோ? காலையிலிருந்து பார், மூத்தவன் செய்தது சரியா தப்பா என்று வாய் வலிக்கப் பேசினார்கள், பின்சீட்டில் இருந்தவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா? யாருக்காகச் செய்தானோ, அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. "இந்தா, பிடிக்காம எங்கே பாத்துட்டு நிக்கிறே" என்றாள் அக்கா. விரிப்பு தரையில் கிடந்தது. அவள் குனிந்து எடுத்து மறுபடி துவைக்கப் போடும் கூடையில் போட்டாள்.

மணி அடித்தது. கை கழுவி, கோட்டைக் கழற்றி மாட்டி, பையை எடுத்துக்கொண்டு வந்தால் நடைபாதை இரண்டாகப் பிரியும், இடது பக்கம் பின்வாசல், வெளிச்சமாக இருந்தது, பஸ் சத்தம்கூடக் கேட்டது. "வர்றியா?" என்று அக்கா திரும்பிப் பார்த்தாள். "நீங்க போங்கக்கா, எனக்கு முன்பக்கம் ஒரு வேலை இருக்கு." கால்கள் நடந்தன, கேட்கப் போகிறாள், நேராக, சுற்றி வளைக்காமல், அன்னிக்கு நீ என்கிட்ட கேட்டியா அண்ணா, நான் என்ன சொன்னேன்… உலகத்தில் இதற்குப் பதில் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான், அவனும் நாளைக்குக் கடலில் இருப்பான். கேட்டுக்கு வெளியே அவன் நின்றான், தலைமுடி நரைத்துப்போய், தோளில் ஒரு பை, இந்தப் பக்கம் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி, அவள் பின்வாசல் வழியாகப் போக வசதியாக இருக்கட்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவன் மாதிரி. அந்த முதுகைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தெரிந்தது, கேட்டாலும் அவன் சொல்லமாட்டான், 'இல்லம்மா, நான் கேக்கவே இல்ல' என்பான், பட்டென்று, யோசிக்காமல், அன்றைக்குக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்வான், கேட்காமல் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்வான். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். அவன் இன்னும் திரும்பவில்லை, 'நீ நில்லு, நான் வர்றேன்' என்று அவனும் இன்று சொல்லவில்லை, அவள்தான் நடந்துகொண்டிருந்தாள்.