கடைசிச் சரத்தின் அடியில்

புஷ்பலதா அந்தப் புடவைக் கடையில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. மலைக்குப் போகும் சாலையில், குகை மாதிரி நீளமாக உள்ளே போகும் கடை. நிறம் பார்ப்பதில் அவளுக்குத் தனிப் பெயர். பழைய புடவையை மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டிலிருந்துகூட வருவார்கள். அவள் கை ஒழியும்வரை காத்திருந்து, அவள் எடுத்துக்கொடுக்கும் ரவிக்கைத் துணியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

2008இல் மின்வெட்டு அதிகமானபோது, முதலாளி ஆதிகேசவன் டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலும் எரியக்கூடிய எல்.இ.டி. சரங்களை மாட்டினார். வாசலில் தொடங்கி உள்சுவர் வரை ஆறு சரங்கள். பட்டுப் பகுதி உள்சுவரை ஒட்டி, ஆறாவது சரத்தின் கீழே இருந்தது. அங்கேதான் புஷ்பலதா உட்காருவாள்.

இரண்டு வாரம் கழித்து, மலைக்கோயிலில் சமையல் செய்பவர் வீட்டுக் காமேஸ்வரி இரண்டு புடவைகளோடு திரும்பி வந்தாள். நாத்தனார்கள் இருவருக்கும் ஒரே நிறத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனவை.

"நீதானேம்மா ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னே. வாசல்ல கொண்டுபோய்ப் பாரு."

புஷ்பலதா வாசலுக்குப் போய் வெயிலில் விரித்தாள். ஒன்று அரக்கு. மற்றொன்று கத்திரிப்பூ நிறம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொடுத்திருந்தாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அடுத்த வாரம் கருநீலத்துக்குக் கரும்பச்சை ரவிக்கைத் துணி கொடுத்துவிட்டாள். அதற்கடுத்த வாரமும் ஒன்று. ஆதிகேசவன் திட்டவில்லை.

"உடம்பு கிடம்பு சரியில்லையா புஷ்பா? நீ கொஞ்ச நாள் முன்னாடி பாவாடைத் துணிப் பக்கம் உக்காரு. பட்டுப் பக்கத்த தேவகி பாத்துக்கட்டும்."

தேவகி அவளுக்கு எட்டு வருடம் பின்னால் சேர்ந்தவள். புஷ்பலதா எழுந்து வாசலருகே போய் உட்கார்ந்தாள்.

விடுமுறை நாளில், அக்காவைப் பார்க்கப் போவதாகக் கணவனிடம் சொல்லிவிட்டு, அரக்கோணத்தில் கண் டாக்டரிடம் போனாள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தை அவர் காட்டினார். எல்லா எண்களையும் தடங்கலில்லாமல் படித்தாள்.

"கண்ணு நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டர்.

அது அவளுக்கு நிம்மதியாக இல்லை. கண் நன்றாக இருந்தால் கோளாறு எங்கே இருக்கிறது? தலையிலா? பஸ்ஸில் வரும்போது எதிரே இருந்தவர்களின் சட்டை, புடவை நிறங்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் தெரிந்தது. சரியாகத் தெரிகிறது என்பதை யாரிடம் கேட்டு உறுதி செய்வது என்றுதான் தெரியவில்லை.

பாவாடைத் துணியில் அவளுக்கு ஒரு தவறும் வரவில்லை. இதுவும் குழப்பமாகவே இருந்தது.

பத்தாம் நாள் உள்ளே சத்தம் கேட்டது. தேவகி, கறுப்பு என்று ஒருத்திக்குக் கருநீலத்தைக் கொடுத்திருந்தாள். தேவகியின் கண்கள் கலங்கியிருந்தன. புஷ்பலதா அந்தப் புடவையை வாங்கி வாசலிலிருந்து உள்சுவர் வரை மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு சரத்தின் கீழும் புடவை ஒரு சாயல் இருண்டது. கடைசியில் நீலமே இல்லை.

"மொதலாளி, இங்க வெளிச்சம் கம்மியா கீதுங்க. என் கண்ணும் இல்ல, தேவகி கண்ணும் இல்ல."

ஆதிகேசவன் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரிதான எரிஞ்சிகினு இருக்கு?"

சரங்களை மாட்டிய வீரபத்திரனை வரச் சொன்னார்கள். அவன் கடைசிச் சரத்தைக் கழற்றி, அந்த ஒயர் முனையில் மீட்டரை வைத்தான்.

"பன்னெண்டு வோல்ட்டு. வாசல்லயும் பன்னெண்டு, இங்கயும் பன்னெண்டு. சரியாத்தான்கா வருது."

எதற்கும் இருக்கட்டும் என்று வாசலருகே, சரங்களுக்கு மின்சாரம் தரும் சப்ளைப் பெட்டியில் ஒரு திருகைத் திருப்பி வோல்ட்டை ஏற்றினான். கடைசிச் சரம் கொஞ்சம் தெளிந்தது. மறுநாள் காலை முதல் சரம் பாதி கருகிக் கிடந்தது.

வீரபத்திரன் மறுபடி வந்து, கருகியதை மாற்றி, திருகைப் பழையபடி வைத்தான். மறுபடி கடைசிச் சரத்தைக் கழற்றப்போனான். புஷ்பலதா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கழட்டாம பாரேன். எரியறப்ப எவ்ளோ காட்டுதுன்னு."

அவன் அப்படியே மீட்டரை வைத்தான். ஒன்பதரை. நம்பாமல் மீண்டும் வைத்தான். ஒன்பதரைதான். வாசலில் பன்னிரண்டு.

"ஒண்ணோட வாலுல ஒண்ணு மாட்டி வுட்டுட்டன்கா. ஆறு சரத்துக்கான கரண்டும் ஒரே மெல்லிசு ஒயர்ல போவுது. போகப் போக வோல்ட்டு எறங்கிடுது. கழட்டுனா கரண்ட இழுக்க ஆளு இல்ல, அதான் பன்னெண்டு காட்டிச்சி."

அன்றே பெட்டியிலிருந்து ஒவ்வொரு சரத்துக்கும் தனித்தனியாகத் தடித்த ஒயர் இழுத்தான். ஆறையும் எரியவிட்டு அளந்தான். எங்கும் கிட்டத்தட்ட பன்னிரண்டு. கடை முழுவதும் ஒரே சீரான வெளிச்சம்.

"ஆங், இப்ப சரி. நீ உள்ள உக்காரு புஷ்பா" என்றார் ஆதிகேசவன்.

அவள் உட்கார்ந்தாள். சாயங்காலம் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து ஒரு புடவையை விரித்து, இது மெரூனா, காப்பிக்கொட்டை நிறமா என்று கேட்டார்கள். மெரூன் என்று வாய்வரை வந்தது. சொல்லாமல், புடவையைத் தேவகி பக்கம் திருப்பினாள்.

"உனக்கு இன்னாவா தெரியுது?"

"மெரூன்தான்க்கா" என்றாள் தேவகி.

"மெரூன்மா" என்று வீட்டுக்காரர்களிடம் சொன்னாள் புஷ்பலதா. ஆனாலும் எழுந்து, ஒரு தடவை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அதை மடித்துக் கொடுத்தாள்.