கொலைக்கு ஒரு பேர்

ஜனனி செத்த பதினோராம் நாள், குண்டடத்து வீட்டில் அந்தச் சாவுக்கு என்ன பேர் சொல்வது என்று பேச்சு நடந்தது. வெட்டிய அண்ணன் மகுடேஸ்வரன் ஜெயிலில் இருந்தான். ஜனனியைக் கட்டியிருந்த பிரதீப், சாதி பார்த்துச் செய்த ஆணவக் கொலை என்று மனு கொடுத்திருந்தான்.

"சொத்துத் தகராறுன்னு சொன்னா ஜாமீன் சுளுவுங்க," என்றார் வக்கீல்.

"எதுக்குங்க பொய்? கௌரவக் கொலைன்னே போடட்டும். மானத்துக்குத்தானே பண்ணுனான்?" தாய்மாமன் அய்யாசாமி மீசையைத் தடவினார்.

வக்கீல் ஜனனியின் அக்கா சித்ரகலாவிடம் திரும்பினார். "ஜனனியும் அவ புருசனும் பங்கு கேட்டு மிரட்டுனாங்கன்னு நாளைக்கு டிஎஸ்பிகிட்டச் சொல்லீரு கண்ணு."

தலையை ஆட்டிவைத்தாள்.

ஒன்பது வருசத்துக்கு முன் அவளுக்கும் ஒருவன் இருந்தான், பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். அப்பா ஒரு முறை முறைத்ததும் அவனை விட்டுவிட்டு, காட்டிய மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டி மங்கலம் ஊருக்குப் போனாள். அடக்கமான பொண்ணு என்று சொந்தம் மெச்சியது. அந்த மெச்சலில்தான் இத்தனை வருசம் ஓட்டினாள்.

ஓடிப்போன ஜனனி மூன்றாம் வாரம் அவளுக்கு மட்டும் போன் போட்டாள். "அக்கா, தாராபுரத்துல மார்க்கெட்டுக்குப் பின்னால ஊடு புடிச்சிருக்கறோம், நீலக் கேட்டு. டெய்லி அவருதான் டீ போட்டு எழுப்பறாரு. வெக்கமா இருக்குதுக்கா."

பின்னால் அவன் சிரிப்பது கேட்டது. சித்ரகலாவுக்கு வயிறு எரிந்தது. தான் பயந்து கைவிட்டதை இவள் பயப்படாமல் எடுத்துக்கொண்டாளே! அன்று சாயங்காலமே அண்ணனைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னாள். "இழுத்துட்டு வந்து நாலு அறை குடுங்ணா" என்றுதான் சொன்னாள். அவன் கோபம் அவளுக்குத் தெரியாததா?

மறுநாள் டிஎஸ்பி அலுவலக வராந்தாவில் பிரதீப் உட்கார்ந்திருந்தான். அரிவாளைத் தடுத்த கையில் கட்டு. யார் பார்க்கிறார்கள் என்றே இல்லாமல் ஏங்கி ஏங்கி அழுதான். நான் செத்தால் இப்படி அழ யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது சித்ரகலாவுக்கு. செத்தவள் மேலே இன்னும் பொறாமையா? அவளுக்கே தன்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

"சொத்துத் தகராறுங்கறாங்க உங்க வீட்ல. நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் டிஎஸ்பி.

"சொத்துமில்லீங்க, மானமுமில்லீங்க. எங்கண்ணன் சாதி பார்த்துத்தான் வெட்டுச்சு. ஊடு எங்கன்னு சொன்னது நானுங்க."

"எதுக்குச் சொன்னீங்க?"

"அவ நல்லா இருந்தாங்க. பொறுக்கல."

வெளியே வந்தவளைப் பிரதீப் மறித்தான். விசயம் அதற்குள் அவன் காதுக்கு வந்திருந்தது. "யாருக்கும் போன் பண்ண வேண்டாம்னு சொன்னேனுங்க. எங்கக்காகிட்டச் சொல்லாம எப்படின்னு அழுதா."

அவள் விலகி வாசலுக்கு நடந்தாள். கூட்டிவந்த கணவன் அவளை விட்டுவிட்டுக் காரை எடுத்துப் போயிருந்தான்.

மகுடேஸ்வரனுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. குற்றப்பத்திரிகையில் ஆணவக் கொலை என்றே எழுதினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டாவது பேர் சித்ரகலாவுடையது.