கோடு ஓடுகிற இடம்

தனேஸ்வரனின் கையில் இதுவரை ஒரு பிராணியும் செத்ததில்லை. அணில், கழுதை, வயதுபோன கூழைக்கடா, எது வந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அவர் மிருக வைத்தியர் அல்ல. பதுளையில் கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டர். சனிக்கிழமைகளில் மட்டும் சாவைத் தடைசெய்கிற அதிகாரம் அவருக்கு இருந்தது.

அதைக் கொடுத்தது, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிற ஒரு சின்ன நிறுவனம். ஒரு ஜீப், ஒரு ஜெனரேட்டர், ஒரு டீவி, ஒரு வீடியோ டெக். அவ்வளவுதான் அதன் ஆஸ்தி. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு யாரோ ஒரு வெளிநாட்டுப் புண்ணியவான் பெட்டி நிறைய வீடியோ கஸட் அனுப்பியிருந்தார். எல்லாம் ஒரே கம்பனியின் கார்ட்டூன் படங்கள், மொத்தம் ஏழு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு வெளிச்சவீடு சுழன்று மின்னும். குடும்பத்தோடு பார்க்கத் தகுந்தவை என்று மட்டையில் போட்டிருந்தது. குடும்பத்தோடு பார்க்கலாம்தான். படத்துக்குள் இருக்கிற குடும்பம்தான் பத்து நிமிடம் தாங்காது. அந்தக் கம்பனிக்குத் தாய்மாரோடு என்ன கோபமோ, ஏழு படத்தில் ஐந்தில் தாய் போய்விடுவாள்.

படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எது பிள்ளைகளுக்கு ஏற்றது, எதை நீக்க வேண்டும், ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று விமர்சனம் எழுதிக் கொடுப்பது தனேஸ்வரனின் வேலை. கஸட்டுகளை பஸார் வீதியில் ஷுக்ரியின் வீடியோ கடைக்குக் கொண்டுபோவார். அங்கே இரண்டு டெக்கை இணைத்து, சாவு வருகிற இடத்தைத் தாண்டிப் பிரதி எடுப்பார்கள்.

"வாங்க மாஸ்டர், இன்னக்கி எத்தன மவுத்து?" என்பார் ஷுக்ரி.

"ரெண்டு. ஒரு தாய், ஒரு தவளை."

"தவளையச் சரி வுடுங்களே மாஸ்டர். பாவம், அதுவும் ஒரு நாளைக்கி போகத்தானே வேணும்."

விடமாட்டார். தனேஸ்வரனின் இயல்பு அப்படி. யாழ்ப்பாணத்தில் தகப்பனின் செத்த வீட்டன்று கதிரை எடுத்துவரப் போனவர், பாடை படலையைத் தாண்டிய பிறகுதான் இருபது கதிரையோடு வந்து சேர்ந்தார். மகள் பிறந்த அன்று சோடா வாங்கப் போனார். வீட்டில் ஒரு வாரத்துக்குப் போதுமான சோடா இருந்தது. படங்களையும் அவர் அதே விதமாகத்தான் பார்ப்பார். வாத்தியம் சோகமாகத் தொடங்கினால் போதும், வேகமாக ஓட்டுகிற பொத்தானை அமத்திவிடுவார். வேகமாக ஓடினால் சாவும் ஒரு பகிடி மாதிரித்தான் இருக்கும், சத்தமும் கேட்காது. எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் முடிகிறது என்று மட்டும் குறித்துக்கொள்வார். ஆக, ஏழு படத்துக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதிய அந்த மனிதர், ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.

நீர்நாய்க் குட்டிப் படத்துக்கு அவர் எழுதியது இது: "ஒன்பதாம் நிமிடம் முதல் பதின்மூன்று வரை நீக்குக. குட்டி அடிக்கடி கல்லில் மூன்று தரம் தட்டுகிறது. காரணம் விளங்கவில்லை. இயக்குநரின் கவனயீனம். ஐந்துக்கு மூன்று."

அந்தப் படத்தை நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் காட்டப் போன சனிக்கிழமை, அவருடைய மனைவி வதனி பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் ஒரு கட்டி. திங்கட்கிழமை காலை சத்திரசிகிச்சை. "திறந்து பாத்தாத்தான் தெரியும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். திறந்து பார்ப்பது என்ற சொல்லே தனேஸ்வரனுக்கு ஆகாது.

ஏழு வயது மகள் சிவரூபிக்கு ஒன்றும் தெரியாது. அம்மா கொழும்புக்கு ஒரு பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார். வதனி வெள்ளிக்கிழமை கேட்டாள்:

"இஞ்சருங்கோ, திங்கட்கிழமைக்கு முன்னம் பிள்ளையை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

"சின்னப் பிள்ளையளை வார்டுக்குள்ள விடமாட்டினம்."

"நான் கீழ வராந்தாவுக்கு வாறன்."

"பயந்துபோவாள் வதனி."

"ஆர்? அவளோ, நீங்களோ?"

அவர் சோடா வாங்கப் போனார்.

வீட்டில் பார்க்க ஆளில்லாததால் சனிக்கிழமை சிவரூபியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போனால் பிள்ளைகளை விட்டுப்போகிற அந்த ஒற்றை அறையில், நாற்பது பிள்ளைகள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்கிற பெரியாயி கையில் ஈர்க்குக் குச்சியோடு வாசலில் நின்றாள். படம் ஆங்கிலம் என்பதால் தனேஸ்வரன் மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்லுவார். ஒன்பதாம் நிமிடம் வந்தது. வெட்டிய இடத்தில் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே ஓடியது. தாய் நீர்நாயைக் காணவில்லை. குட்டி தனியாக நின்றது.

"அம்மா ஒரு அலுவலாய்த் தூர இடத்துக்குப் போயிருக்கிறா" என்றார் மைக்கில், வழக்கம்போல.

மஞ்சள் சட்டைப் பிள்ளையொன்று பக்கத்திலிருந்தவளிடம் திரும்பியது. "அவுங்கம்மா வெளிநாடு போயிருச்சுடி."

"குவைத்துக்கா?"

"ஆமா. எங்கம்மாவும் இப்படித்தான். நான் தூங்குறப்பவே போயிருச்சு. சொல்லவே இல்ல."

"எங்கம்மா சவூதி."

"பொட்டி கொண்டாருமா?"

"மொத வருசம் காயிதம் வந்துச்சு. பொறகு வரல."

பெரியாயி குச்சியால் நிலையைத் தட்டினாள். "ஏய், வாயப் பொத்திக்கிட்டுப் படத்தப் பாருங்க!" பிறகு தனேஸ்வரனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இதுல பதினொரு புள்ளைங்களுக்கு ஆத்தா வெளிநாட்டுலங்க சார். ராத்திரி போனா அழுவாதுங்கன்னு போறாளுங்க. காலையில இங்கதானே கொண்டாந்து வுடுறாங்க, நாந்தானே பாக்குறேன். கேட்டு அழுதாக்கூடத் தேவலங்க. கேக்காம வாசலையே பாத்துக்கிட்டு இருக்குதுங்க."

படத்தின் மிச்சத்துக்கு அந்த நாற்பது பிள்ளைகளும் குட்டியைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தைப் பார்த்தார்கள். எந்தப் பக்கத்தால் தாய் பெட்டியோடு வரும் என்று காத்திருந்தார்கள். படம் முடிந்தது. தாய் வரவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. தனேஸ்வரன் மைக்கைக் கையில் வைத்தபடி நின்றார். ஒரு சாவைக்கூடக் காட்டாமல் நாற்பது பிள்ளைகளைப் பயமுறுத்திய ஒரே விமர்சகர், இந்த மாகாணத்தில் அவராகத்தான் இருப்பார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் சிவரூபி ஜீப்புக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பதுளைக்கு வந்து, வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் கேட்டாள்.

"அப்பா, அம்மா எந்த நாட்டுக்குப் போனவா?"

"கொழும்புக்கடி குஞ்சு. சொன்னனான் தானே, பயிற்சிக்கு."

"அப்ப ஏன் அம்மாவின்ர பெட்டி அலுமாரிக்கு மேல கிடக்கு?"

தனேஸ்வரன் அலுமாரியைப் பார்த்தார். பெட்டி கிடந்தது. இப்படி ஒரு கேள்வி பரீட்சைத் தாளில் வரும் என்று கணக்கு மாஸ்டர் எதிர்பார்க்கவில்லை.

"கோடு ஓடேக்க அம்மா இல்லாமப் போறா" என்றாள் பிள்ளை. "வீட்டில பாத்த அணில் படத்திலயும் கோடு ஓடுது. கழுதைப் படத்திலயும் ஓடுது. கோட்டுக்குள்ள என்னப்பா நடக்குது?"

"ஒண்டுமில்லைக் குஞ்சு. கஸட் பழுது."

அவள் தலையாட்டினாள். நம்பியதற்கான தலையாட்டல் அல்ல அது. இனிக் கேட்கமாட்டேன் என்பதற்கானது. போய் முன்கதவுக்கு நேரே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இருட்டும் வரை படலையைப் பார்த்தபடி இருந்தாள். பெரியாயி சொன்னது அவருக்கு நினைவு வந்தது. எத்தனை நாளாக இந்தப் பிள்ளை இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்?

ஞாயிறு காலை கடை திறக்கும்போதே ஷுக்ரியின் வாசலில் நின்றார்.

"நீர்நாய்ப் படத்தின்ர ஒறிஜினலைத் தாரும்."

"வெட்டாததா?" ஷுக்ரி கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டர், அந்த நாலு நிமிசத்த நீங்க பாத்தே இல்லையா?"

"வேகமாப் பாத்தனான்."

"யா அல்லாஹ். எங்க மக ஸைனப் அந்த எடத்துக்காகவேதான் கஸட்டப் போடச் சொல்றா. அழுவா, பொறகு எழும்பிப் போய் நல்லாச் சோறு தின்னுவா. நான் ஒங்கட விமர்சனத்தப் படிச்சிட்டு, படிச்ச மனுசன், ஏதும் காரணம் இருக்கும்னு சும்மா இருந்தேன்." கஸட்டை நீட்டியவர் கையை எடுக்கவில்லை. "வீட்டுல எப்படி?"

"நாளைக்கு."

"அல்லாகிட்ட துஆ கேக்குறேன் மாஸ்டர்."

வீட்டில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தகப்பனும் மகளும் டீவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வெளிச்சவீடு சுழன்றது. தனேஸ்வரனின் கை பழக்கதோஷத்தில் பொத்தானைத் தேடியது. சிவரூபி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நிமிடம். கோடு ஓடவில்லை. மழை தொடங்கியது. ஆறு பெருகியது. அவருடைய நெஞ்சு அடித்த அடியில், இந்த வயதில் ஒரு கார்ட்டூனுக்குச் செத்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று ஒரு யோசனை ஓடியது. தாய் குட்டியைக் கௌவி ஒரு பாறையில் ஏற்றியது, தன்னால் ஏறமுடியவில்லை. வெள்ளம் அதை அக்கரை மரவேரில் கொண்டுபோய்ச் செருகியது. இருட்டில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. அப்போது அக்கரையிலிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக். நான் இருக்கிறேன். குட்டி தன் கல்லில் தட்டியது. டக், டக், டக். நானும் இருக்கிறேன். இப்படியே மாறி மாறித் தட்டின. பிறகு குட்டி தட்டியது, பதில் வரவில்லை. மறுபடி தட்டியது. தண்ணீரின் சத்தம் மட்டும்தான்.

சிவரூபி சத்தம் போட்டு அழுதாள். தனேஸ்வரன் ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதார். இயக்குநரின் கவனயீனம்!

படம் முடிந்ததும் பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அம்மா எங்க?"

வாசலுக்கு வெளியே தெரு தெரிந்தது. ஒரு சாமான் வாங்கப் போகலாம். சீனி முடிந்திருக்கலாம். அவர் எழும்பவில்லை.

"ஆஸ்பத்திரியில. வயித்தில ஒரு கட்டி. நாளைக்கு வெட்டி எடுக்கப் போகினம்."

"ஏன் சொல்லேல்லை?"

"அப்பாவுக்குப் பயம்."

அவள் எழும்பி வாசலுக்குப் போனாள். "சப்பாத்தைப் போடுங்கோ" என்றாள்.

மாலை ஐந்து மணிக்கு வதனி ஒரு கையால் வயிற்றையும் மறுகையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பில் அவள் யாரோ போலிருந்தாள். வராந்தா வாங்கில் உட்கார்ந்த சிவரூபி தாயின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்தாள்.

"வெட்டேக்க நோகுமோ?"

"நித்திரையாக்கிப்போட்டுத்தான் வெட்டுவினம்."

"செத்துப்போவீங்களோ?"

"பிள்ளை," என்று தனேஸ்வரன் இடையில் விழுந்தார், "அம்மாவுக்கு அந்தப் படத்தை..."

"விடுங்கோ, கேக்கட்டும்." வதனி மகளின் தலையைத் தன் பக்கம் சாய்த்தாள். "தெரியாது குஞ்சு. டொக்டர் நல்லவர். சுகமாகிடும் எண்டுதான் நினைக்கிறன். அம்மாவுக்கும் பயமாத்தான் கிடக்கு."

சிவரூபி வாங்கின் பலகையில் மூன்று தரம் தட்டினாள்.

"என்னடி, கதவோ தட்டுறாய்?"

தனேஸ்வரன்தான் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார், அந்த நாலு நிமிடத்தையும் சேர்த்து. வதனி அவரை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"நீங்கள் பாத்தனீங்களோ? முழுக்க? கண்ணைத் திறந்துகொண்டோ?"

"ஒரு கண்ணை."

அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வயிறு நொந்தது, பிடித்துக்கொண்டு சிரித்தாள். பார்வை நேரம் முடிகிற மணியடித்தது. படியேறிப் போனாள். வளைவில் மறைந்த பிறகு, மேலிருந்து இரும்புக் கம்பியில் டக், டக், டக் என்று கேட்டது. பிள்ளை ஓடிப்போய்க் கீழ்க்கம்பியில் தட்டினாள்.

மறுநாள் காலை எட்டேகாலுக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சுவர் மணிக்கூட்டின் முள், வேகமாக ஓட்டமுடியாத வேகத்தில் நகர்ந்தது. எட்டரை. ஒன்பது. ஒன்பதேகால். யாரோ ஒரு தாதி வேகமாக உள்ளே போனாள். இன்னொருத்தி அதைவிட வேகமாக வெளியே வந்து, வாங்கில் இருந்த தகப்பனையும் மகளையும் பார்க்காமல் போனாள். தனேஸ்வரனின் கால்கள் தாமாக ஒருதரம் நிலத்தில் ஊன்றின.

சிவரூபி வாங்கில் மூன்று தரம் தட்டினாள். அவரைப் பார்த்தாள்.

யன்னலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம் சோடாக் கடை திறந்திருந்தது. தனேஸ்வரன் எழும்பவில்லை. கையை நீட்டி, பலகையில் மூன்று தரம் தட்டினார்.