முதல் மேஜை

நட்பு ஆட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தவர் நக்கல் பிடித்த ஆளாகத்தான் இருக்க வேண்டும். மாடி கிளப்புக்கும் லாண்டரி கிளப்புக்கும் நடுவே இருந்ததற்குப் பெயர் நட்பு என்றால், பகைக்கு வேறு சொல்தான் தேட வேண்டும். மாடி கிளப் ஒரு மருந்துக்கடையின் மேலறையில் கூடும், கடைக்காரர்தான் கேப்டன். லாண்டரி கிளப் கூடுவது, இஸ்திரி ஆவியில் சுவரெல்லாம் வியர்த்துக் கிடக்கும் ஒரு பின்னறையில். அதன் கேப்டன் ஒரு வக்கீல். ஆண்டு முழுக்க எதிரே வந்தால் தெருவின் மறுபக்கத்துக்கு மாறிப் போகிறவர்கள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மேஜை போட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கை குலுக்கி, பல்லைக் காட்டிவிட்டு செஸ் ஆடுவார்கள். ஜெயித்தவர்கள் நசுங்கிப்போன ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். தோற்றவர்களுக்கு அடுத்த ஆண்டுவரை வயிறு எரியும்.

கொஞ்ச காலமாகவே வயிறு எரிந்துகொண்டிருந்தது மாடி கிளப்புக்குத்தான்.

முதல் மேஜையில் கிளப்பின் பலமான ஆள், இரண்டாவதில் அடுத்தவர், இப்படி இறங்கிக்கொண்டே வருவது அங்கே வழக்கம். எழுதி வைத்த சட்டம் இல்லை, மரியாதை. லாண்டரி கிளப்பின் முதல் மேஜை எப்போதும் வக்கீலுக்கு. அவரை அந்த மேஜையில் யாரும் தோற்கடித்ததில்லை. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு ஆண்டும் அவரிடம் போய் மூக்குடைபட்டுத் திரும்பியவர். இந்த முறை அவருக்கு ஒரு யோசனை வந்தது. எப்படியும் போகிற மேஜைக்கு நல்ல ஆளை எதற்கு வீணாக்க வேண்டும்? கிளப்பிலேயே மட்டமான ஆளை வக்கீலுக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, மற்ற நாலு பேரும் ஒரு மேஜை கீழே இறங்கினால், ஆளுக்கு ஒரு இளைத்த எதிரி கிடைப்பான். மரியாதை கெட்ட காரியம்தான். கோப்பை வீட்டுக்கு வந்த பிறகு மரியாதையை யார் கேட்கப் போகிறார்கள்?

மட்டமான ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். கிளப்பில் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். வாரம் தவறாமல் வருவார், வாரம் தவறாமல் தோற்பார், தோற்றதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

"இந்த வருஷம் முதல் மேஜை உங்களுக்குத்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எனக்கா சார்? நான் எல்லாம் எப்படி…"

"உங்க ஆட்டம் இப்ப எங்கேயோ போயிடுச்சு. உங்களுக்குத்தான் தெரியல. நாங்க பாத்துட்டுத்தானே இருக்கோம்."

மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் நம்பினார். ஐம்பது வயதில் முதல் முறையாக ஒருவனிடம் உன் ஆட்டம் எங்கேயோ போய்விட்டது என்று சொன்னால், அவன் நம்பத்தான் செய்வான்.

வீட்டில் அவர் நிலைமை வேறு மாதிரி. மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்தாள். அவளுடைய அண்ணன் பேங்க் மேனேஜர். அந்த மனிதர் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே, "மாப்ள, அந்த ஃபேன் சத்தம் போடுதே, கொஞ்சம் பாருங்க" என்பார். தன் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் ஸ்க்ரூடிரைவரோடு வரச் சொல்லித்தான் கூப்பிடுவார். தங்கையைத் தப்பான இடத்தில் கொடுத்துவிட்டோம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிய வைத்திருந்தார். மனைவிக்கும் வாரம் ஒரு சாயங்காலம் கட்டையை நகர்த்தப் போகும் புருஷனைப் பற்றிப் பெருமை ஒன்றும் இல்லை. அதனால்தான் லிஃப்ட்காரர் இரண்டு பேரையும் ஆட்டம் பார்க்க வரச் சொன்னார். மச்சான் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

மனைவி அவருடைய வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை லாண்டரியின் பின்னறையில் சுவரோரமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மச்சான் பக்கத்து ஆளிடம், "முதல் மேஜைன்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார்.

"கிளப்புலயே பெரிய கை உக்கார்ற எடம்."

மச்சான் தங்கையைப் பார்த்தார். தங்கை புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள்.

எதிரே லிஃப்ட்காரர் வந்து உட்கார்ந்ததுமே வக்கீலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டாம் மேஜையில் மருந்துக்கடைக்காரர் குனிந்த தலை நிமிராமல் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வக்கீலுக்கு உள்ளே கொதித்தது, கொதிப்பில் ஆடினார். யோசிக்காமல் காயை நகர்த்திவிட்டு எழுந்து போய் மற்ற மேஜைகளைப் பார்ப்பார். அங்கே தன் ஆட்கள் ஒவ்வொருவராக மண்ணைக் கவ்வுவதைப் பார்த்துவிட்டு, இன்னும் கடுப்போடு திரும்பி வருவார். லிஃப்ட்காரர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு காய்க்கும் கேபிளை இழுத்துப் பார்ப்பதுபோல இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார்.

அப்படி ஒரு தடவை திரும்பி வந்த வக்கீல், நின்றபடியே தன் யானையை நகர்த்தினார். லிஃப்ட்காரரின் குதிரை அந்தக் கட்டத்தைக் குறிவைத்து நிற்பதைப் பார்க்கவில்லை. லிஃப்ட்காரர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். யானையை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார்.

வக்கீல் உட்கார்ந்தார். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

மற்ற நாலு மேஜையும் முடிந்தன. மூன்றில் மாடி கிளப் ஜெயித்திருந்தது, கோப்பை அவர்களுடையதாகிவிட்டது. முதல் மேஜையில் யார் ஜெயித்தாலும் இனி அந்த அறையில் ஒரு மனிதரைத் தவிர யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் எல்லோரும் அங்கேதான் கூடினார்கள். வக்கீல் தோற்பதை யாரும் பார்த்ததில்லை அல்லவா. மனைவி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். மச்சான் ஒருபடி மேலே போய், "நம்ம மாப்ள. என் தங்கச்சி வீட்டுக்காரர்" என்று பக்கத்து ஆட்களிடம் சொல்லிக்கொண்டே, கூட்டத்தை விலக்கி மேஜைக்கே வந்துவிட்டார். வந்த வேகத்தில் அவருடைய தொந்தி மேஜை விளிம்பில் இடித்தது. காய்கள் ஆடின. லிஃப்ட்காரரின் ராஜா சாய்ந்து பக்கத்துச் சிப்பாய் மேல் நின்றது.

லிஃப்ட்காரர் மச்சானை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ராஜாவை நிமிர்த்தி வைத்தார்.

"தொட்டாச்சு" என்றார் வக்கீல்.

மாடி கிளப்பில் மேஜைகளுக்கு ஒரு கால் குட்டை. காய்கள் சாய்வதும், சாய்ந்ததைப் பேசாமல் நிமிர்த்துவதும் அங்கே மூச்சு விடுவது மாதிரி. மற்ற இடங்களில் 'சரி பண்றேன்' என்று சொல்லிவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும். தன் முறையில் சொல்லாமல் தொட்டால், தொட்ட காயைத்தான் ஆடியாக வேண்டும். அப்போது முறை லிஃப்ட்காரருடையது. ராஜாவுக்கு நகர ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, மூலையில். அங்கே போனால் வக்கீலின் அடுத்த நகர்த்தலில் செக்மேட்.

"சார், மேஜை இடிச்சதுல சாஞ்சது. எல்லாரும் பாத்தாங்களே."

"சொல்லிட்டுத் தொட்டிருக்கணும். உங்க கேப்டனையே கேளுங்க."

தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசி முடிப்பதுதான் அங்கே வழக்கம். வக்கீல் மருந்துக்கடைக்காரரை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்க பண்ணின வேலை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லட்டுமா, கோப்பை எப்படி வந்துச்சுன்னு?"

மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பிப் பார்த்தார். லிஃப்ட்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கேப்டன் தன்னை விட்டுக்கொடுப்பார் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. பாவி மனிதர், அதையும் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"ரூல் ரூல்தாங்க. தொட்டா ஆடணும்."

லிஃப்ட்காரர் ராஜாவை மூலைக்கு நகர்த்தினார். வக்கீல் ராணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கை நீட்டினார். லிஃப்ட்காரர் பழக்கதோஷத்தில் நன்றி சொன்னார்.

வெளியே சொல்லமாட்டேன் என்று வக்கீல் வாக்குக் கொடுத்ததாக நினைத்தது மருந்துக்கடைக்காரரின் தப்பு. கோப்பையைக் கொடுக்கும் நேரத்தில் வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரித்த முகத்தோடே பேசினார்.

"கேப்டன் மூளையைப் பாராட்டணும். எப்படியும் தோக்கப்போற ஆளைத் தூக்கி எனக்கு எதிர்ல போட்டுட்டு, மத்த மேஜையெல்லாம் அள்ளிட்டாரு. இந்தக் கோப்பைக்கு உண்மையான சொந்தக்காரர் நம்ம லிஃப்ட்காரர்தான். எல்லாரும் அவருக்கு ஒரு கை தட்டுங்க."

அறையே சிரித்துக் கை தட்டியது. மாடி கிளப்காரர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். பழி சிரிப்பில் கரைந்துபோனதில் மருந்துக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அடுத்த வருஷமும் முதல் மேஜை அவருக்குத்தான்" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு.

மூன்று பேரும் வெளியே மச்சானின் காருக்கு வந்தார்கள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மனைவி கேட்டாள்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஏமாந்தவன் என்று சொல்வதா, கூட்டாளி என்று சொல்வதா என்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாம என்ன? எல்லாரும் சேந்து போட்ட திட்டம்தானே" என்றார்.

"அப்போ ராஜாவைத் தொட்டதும் வேணும்னுதானா?"

அவர் வாழ்நாளில் ஆடிய ஒரே நல்ல ஆட்டம் அது. அதைப் பார்த்தவர்களில் அவருக்கு வேண்டியவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

"ஆமா" என்றார். "ஜெயிச்சுடக் கூடாது பாரு."

"தோக்குறதைப் பாக்கவா மாப்ள ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எங்களை வரச் சொன்னீங்க?" என்றார் மச்சான். "அந்தக் கூட்டத்துல என் தங்கச்சி வீட்டுக்காரர்னு நாலு பேர்கிட்ட சொல்லி வேற வச்சேன்."

மனைவி முன்சீட்டில் அண்ணன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவர் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார்.