கீற்றுப் பந்தலும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

குரோம்பேட்டை ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே இருந்த காலனியில், 1989-ஆம் வருடத்துக் கோடையில், தினமும் காலை ஏழு மணிக்கு யக்ஞநாராயணன் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்து நிற்பார். எதிர்வீட்டு அப்பாதுரை தன் சிவப்பு மாருதியைத் துடைக்கும் நேரம் அது. காபி ஆறிப்போகும். அவர் வயிறு மட்டும் எரியும்.

அப்பாதுரை மஸ்கட்டில் ஆறு வருடம் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். வெயிலில் ஒரு கார் என்ன பாடுபடும் என்பதை அங்கேயே பார்த்திருந்தார். அதனால் கார் வாங்கிய மறுவாரமே தன் வீட்டுச் சுவரையொட்டித் தெருவோரத்தில் கீற்றுப் பந்தல் போட்டுவிட்டார். நிழலில் நிறுத்திய பிறகும் முன்கண்ணாடிக்கு உள்ளே அட்டை வைப்பார். ஸ்டியரிங் மேல் துண்டு போர்த்துவார். ஜன்னலை விரல் அளவு இறக்கி விடுவார். பந்தலைச் சற்று நீட்டியே போட்டிருந்ததால், மீதி நிழலில் முனியம்மாவின் இஸ்திரி வண்டி நின்றது.

யக்ஞநாராயணன் சர்க்கார் ஆபீசில் சூப்பரின்டென்டென்ட். அந்தத் தெருவில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் அவர்தான். அந்தப் பெருமை நாலு வருடம்கூட நிலைக்கவில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்ற அவருடைய நீல பியட், பானட்டில் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுத்துவிட்டது. டாஷ்போர்டு வெடித்திருந்தது. கதவு ரப்பர் தொட்டாலே உதிர்ந்தது.

"நாமளும் ஒரு பந்தல் போட்டுடலாமே. பக்கத்துல நம்ம இடம் காலியாதானே கிடக்கு" என்றாள் மனைவி ரமா.

"கிரேன் ஓட்டினவனைப் பார்த்து நான் காப்பி அடிக்கணுமா? வேற வேலை இல்லை?"

பந்தல் போட அவருக்கு மனம் வரவில்லை. எதிர்ப்பக்கப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, 'பொதுவழியை அடைத்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள்' என்று ஒரு மொட்டைக் கடுதாசி எழுதி, கீழே 'ஒரு பொதுஜனம்' என்று போட்டு முனிசிபாலிட்டிக்குத் தபாலில் சேர்த்தார்.

பத்தாம் நாள் கடப்பாரையோடு நாலு பேர் வந்தார்கள். அரைமணி நேரத்தில் பந்தல் இருந்த இடம் வெட்டவெளியானது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த யக்ஞநாராயணனுக்கு அன்று இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கியது. அதன் பிறகு தினமும் காலையில், மாருதியின் சிவப்பு கொஞ்சமாவது வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள், சனிக்கிழமை. உச்சிவெயிலில் தெருவில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு அவரும் ரமாவும் வெளியே ஓடினார்கள். இஸ்திரி வண்டிக்குக் கீழே முனியம்மா சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. வியர்வை இல்லை.

"சார், கால் பக்கம் புடிங்க!" என்று கத்தினார் அப்பாதுரை.

மாருதியின் கதவைத் திறந்த யக்ஞநாராயணனின் உள்ளங்கை சுட்டது. சீட் தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது. ரமா புடவைத் தலைப்பை நனைத்து விரித்து, முனியம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ரயில்வே கேட்டுக்கு வந்தால், அது மூடியிருந்தது. ஒரு ரயில் போயிற்று, கேட் திறக்கவில்லை. இன்னொன்று வரவேண்டுமாம். அந்தக் காருக்குள் மூச்சு முட்டியது. முன்கண்ணாடி அட்டையை எடுத்து யக்ஞநாராயணன் விசிறினார்; வந்ததெல்லாம் சூட்டுக் காற்று. முனியம்மாவின் கண்கள் செருகுவதைப் பார்த்து, இன்னும் வேகமாக விசிறினார். இந்த வெயிலை இவள் தலையில் கொண்டுவந்து வைத்தது யார் என்பது அந்த இடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று நினைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "நூத்தியஞ்சு டிகிரி. பொழச்சதே பெரிசு. இனிமே நிழல்லதான் வேலை பாக்கணும்" என்றார்.

மூன்றாம் நாள் அப்பாதுரையும் அவரும் வார்டுக்குப் போனார்கள். முனியம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். யக்ஞநாராயணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கடுதாசியை எழுதினது நான்தான். ரெண்டு பேரும் என்னை என்ன வேணா திட்டுங்க."

"தெரியும் சார்" என்றார் அப்பாதுரை. "பந்தலைப் பிரிக்க வந்தவங்க என்கிட்ட அதைக் காட்டினாங்க. என் பாஸ்போர்ட் பாரத்த நீங்கதானே நிரப்பிக் குடுத்தீங்க. அந்தக் கையெழுத்து மறந்துடுமா?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டு? தினம் மூஞ்சில முழிக்கணுமே சார்."

அந்தப் பதில் அவரைச் செருப்பால் அடித்ததைவிட அதிகமாக வலித்தது. முனியம்மா பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக்காரர்தானே கீத்து வேயறவர்? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லும்மா. எங்க காலி இடத்துல பெரிசா ஒரு பந்தல். அவர் கார், என் கார், உன் வண்டி, மூணுக்கும்."

முனியம்மா கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னா சார் நீ! இத மின்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே வேஞ்சி குட்த்துருக்குமே. உனக்கு நெழல் இல்லன்னா நெழல தேடிக்க சார். அடுத்தவன் தலமேல கீறத புடுங்கினா, உன் மேல அடிக்கிற வெயிலு கொறஞ்சிடுமா? ஒண்ணுந்தெரியாத எவளோ ஒருத்திதான் சுருண்டு வுழுவா."

யக்ஞநாராயணன் குனிந்து கஞ்சி டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.