அப்பாவின் இருமலுக்கு ஒரு பேரம்

இருமல்தான் முதலில் வருகிறது, அப்பா அதற்குப் பின்னால் வெளிச்சத்துக்குள் தோளைச் சாய்த்தபடி, கூட்டம் சிரிக்கிறது, நானும் சிரிக்கப் போகிறேன், அதற்குள் பசை விட்ட மீசை தெரிந்துவிடுகிறது, இது அப்பா இல்லை, மிமிக்ரி ஜெயசிங், நாடகத்துக்கு அப்பா, நகைச்சுவை தனுஷ்கோடி, வருகிறார் என்றால் விருதுநகர்ச் சந்தையே கடையடைத்த காலம் போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார், அவர் பேருக்கு அன்றிலிருந்து நான்தான் காவல், பல்பொடிக்காரன் படம் கேட்டான், இல்லை, சினிமாக்காரன் கதை கேட்டான், இல்லை, என்னைப் பெண் பார்க்க வந்தவன் மேடையில் அப்பா திக்குவதைப் போலத் திக்கிப் பேசிக் காட்டினான், காப்பி குடித்த கையோடு வாசலைக் காட்டினேன், அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, வராவிட்டால் என்ன, ஆனால் இந்த இருமல், இது அப்பாவின் கடைசி நாடகத்தில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது, ஜனம் புது வேடிக்கை என்று கைதட்டியது, படுதாவுக்குப் பின்னால் கிண்ணம் பிடித்து நின்றவள் நான்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் நிற்கிறேன், தம்பி, எங்கப்பா சரக்கு ஒன் கடைல நல்லா ஓடுது போல, ஜெயசிங் பதறி எழுகிறான், அய்யா போட்ட சோறு இது அக்கா, சோறு சரி, அந்த இருமல விட்டுரு, அதுக்குத்தானக்கா கூட்டமே வருது, அத எடுத்தா நான் வெறும் ஒட்டு மீச, என்னிடமா, மாமாவின் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் பேரம் கேட்டே வளர்ந்தவளிடமா, அவன் தோள் துண்டை உருவி இருவர் கைமேலும் போடுகிறேன், துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் எங்களுக்கு விலைபேச்சு, கட்டைவிரல், சிரிப்பு, வச்சுக்க, அடுத்தது நடை, வச்சுக்க, திக்கல், தும்மல், அதுவும் ஒனக்கு, சுண்டுவிரல், இருமல், அதை மட்டும் மடக்கி அழுத்துகிறேன், விடுங்கக்கா வலிக்கி, வலிக்கும், அது நடிப்பில்ல தம்பி, ரத்தம், கிண்ணம் கிண்ணமா, அவன் என் முகத்தையே பார்க்கிறான், ஒட்டு மீசைக்குப் பின்னால் சின்னப் பையன், பேரம் படிஞ்சிருச்சுக்கா.

மறுபடி வெளிச்சம், நான் கூட்டத்துக்கு நடுவே என் இடத்தில், அப்பா வருகிறார், தோள் சாய்கிறது, இருமல் இல்லை, கூட்டம் காத்திருக்கிறது, எலேய் இருமல் எங்கடா, பின்வரிசை கத்துகிறது, ஜெயசிங் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு வியர்த்து நிற்கிறான், வாக்குத் தவறவில்லை, நான் ஜெயித்துவிட்டேன், அப்போதுதான் என் நெஞ்சுக்குள் ஏதோ பிராண்டுகிறது, முந்தானையால் அடைத்துப் பார்க்கிறேன், அடங்கவில்லை, என் தோள் தானாகச் சாய்கிறது, என் வாயிலிருந்து அப்பா வருகிறார், அதே கிழிசல், அதே இழுப்பு, அரங்கமே திரும்பிச் சிரித்துக் கைதட்டுகிறது, விற்க மாட்டேன் என்று மடக்கிப் பிடித்ததை ஓசியில் கொடுத்துவிட்டு, கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.